நாலரையா அஞ்சரையா

உக்காருங்கக்கா, அந்தக் கட்டல்லயே உக்காருங்க. எந்திரிச்சு வாங்கன்னு சொல்ல முடியல, கையில நாயோட காலு இருக்குது. முள்ளு ஏறிக்கிச்சு. ஏறி ரொம்ப நாளாச்சு, உள்ளயே குடியிருக்குது. வெளக்கெண்ணெயும் மஞ்சளும் வெச்சு வெச்சு எளக்கிட்டிருக்கறேன். நல்லா எளகிட்டா ஊக்குல ஒரு நெம்பு, வந்துரும்.

பயப்படாதீங்க, கடிக்காது. இது யாரையுமே கடிச்சதில்லீங்க. செவலை நாயி, பேரு மைனர். எங்க மாமனாரு இருந்தப்ப வெச்ச பேரு. பகலெல்லாம் தூங்கும். பொழுது சாஞ்சா ஒடம்பைச் சிலுப்பிக்கிட்டு, காதைத் தூக்கிக்கிட்டு, எங்கயோ கெளம்பிரும். எங்க போறன்னு கேக்க முடியுமா? அதனால மைனர்.

தண்ணி எடுத்துக்குங்க, செம்பு அங்க இருக்குது பாருங்க. தூளிய மட்டும் ஆட்டிராதீங்க, பாப்பா இப்பத்தான் தூங்குனா. பேரு தன்ஷிகா. அர்த்தம் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. ஆசுபத்திரியில பக்கத்துக் கட்டல்காரி அவ புள்ளைக்கு வெச்சிருந்தா, கேக்க நல்லா இருந்துச்சு.

உங்கூட்டுக்காரரும் இவரும் ஆடு பாக்கப் போயிருக்காங்கல்ல, வர நேரமாகும். பல்லைப் பாத்து, மடியைப் பாத்து, காலைப் பாத்து, வெலை பேசி... நேத்து ராத்திரி வேற மழை. காடு சேறாக் கெடக்கும். நான் போயிருக்கணும், ஆடு என்னுதுதான். ஆனா ஆம்பளைங்க பேசற எடத்துல எனக்கு வாய் வராதுங்க. எம் பேரு மகுடேஸ்வரி, ஊட்டுல மகுடின்னு கூப்புடுவாங்க. பாம்பாட்டி ஊதற மகுடி. ஆனா இந்த மகுடிய ஊதுனாலும் சத்தம் வராதும்பாரு எங்க மாமனாரு. பேசவே மாட்டேனுங்க நான். அஞ்சாவதோட நின்னுட்டேனா, நாலு பேரு இருக்கற எடத்துல என்ன பேசறதுன்னே தெரியாது. நீங்க பொம்பளையா இருக்கறதால ஏதோ ரெண்டு வார்த்தை.

ஆடு ஏன் விக்கறோம்னு கேட்டீங்கல்ல. கேக்கலியா? கேட்டாப்பல இருந்துச்சு.

சொல்லிடறேங்க்கா, மறைச்சு விக்கக் கூடாது. நரிங்க. எல்லாம் நரியால வந்தது.

உங்க பக்கமெல்லாம் பொழுதானா ஆட்டை ஓட்டியாந்து பட்டியில அடைப்பீங்களாமே. எங்க பக்கம் அப்படி இல்லீங்க. கொறங்காடுன்னு சொல்லுவோம், சுத்தி கிளுவை வேலி போட்ட மேய்ச்சக்காடு. ஆடு ராத்திரியும் அதுக்குள்ளயேதான் கெடக்கும். முள்ளுப் படலைச் சாத்திட்டு நாம ஊட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் படுத்துக்குவோம். காவலுக்கு ஆளெல்லாம் வெக்கறதில்ல. வேலிதான் காவலு. கிளுவை முள்ளுல பூந்து வர எந்த உசுருக்கும் தெம்பு இல்லைம்பாங்க.

நான் கல்யாணமாகிப் பொறந்த ஊட்டுல இருந்து இங்க வந்தப்ப, எங்கம்மா ஒரு செனை ஆட்டையும் வண்டியில ஏத்தி விட்டாங்க. அடையாளத்துக்குக் காதுல கத்தியால ஒரு கீத்துப் போட்ட ஆடு. "உங்கையில நாலு காசு பொழங்கோணுமுன்னா இதை விக்காதே, இதோட குட்டியை வித்துக்கோ"ன்னாங்க. அது ரெண்டு ரெண்டாப் போட்டு, அதுங்க போட்டு, எல்லாத்துக்கும் நானும் அதே கீத்தைப் போட்டு, கீத்துக் காதுக்காரிக கூட்டமே ஆகிப்போச்சு. இந்த ஊட்டுல எல்லாம் அவங்களுது. சட்டி கூட எங்க மாமியாரு வாங்குனது. அந்த ஆடு மட்டும் என்னுது.

இருங்க, எண்ணெய் வழியுது. ஏ மைனரு, சும்மா இரு சாமி.

மொதல்ல ஒரு குட்டி காணாமப் போச்சு. காணமுன்னா ஒரு மயிரு கூட இல்ல, சுத்தமாக் காணம். அதுக்கு முந்தி ரெண்டு மூணு நாளா ஓடைப் பக்கம் ஊளைச் சத்தம் கேட்டுச்சு. நரிதான்னு எல்லாரும் சொன்னாங்க. சரி, ஒரு குட்டிதானே, அதுவும் பொழைக்கோணுமில்லன்னு உட்டுட்டோம்.

அப்பறம் ஒரு பொட்டை ஆடு. அதைத் தூக்கிட்டுப் போகல, கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. வெடிஞ்சு போயிப் பாத்தா காலை ஒதறிக்கிட்டுக் கெடக்குது, கொஞ்ச நேரத்துல உசுரு போயிருச்சு. கடி பட்ட ஆட்டை யாருங்க வாங்குவாங்க? குழி தோண்டிப் பொதைங்கன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. வளத்த ஆடு, மண்ணுக்குப் போறதுக்கு நம்ம ஊட்டு ஒரு சீவனுக்காவது ஆகட்டும்னு, தொடைக் கறி கொஞ்சம் அறுத்து மைனருக்குப் போட்டேன். பச்சையாத்தான். அது வரைக்கும் இது தயிர்சோத்து நாயிங்க. எலும்பு போட்டாக்கூட மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்கும். அன்னைக்குத் தின்னுச்சு பாருங்க, எனக்கே கண்ணு நெறஞ்சுருச்சு. கிட்டுசாமி மாமா பாத்துட்டு, "ஆட்டுக்காரன் ஊட்டு நாயிக்குப் பச்சக் கறி பழக்காத புள்ள"ன்னாரு. அவரு எதைத்தான் நல்லதுன்னாரு?

கிட்டுசாமி மாமா இவருக்குப் பெரியப்பன் மொறை. பக்கத்துத் தோட்டம். முன்ன மில்லு வாசல்ல துப்பாக்கியோட நின்ன ஆளு. இருவது வருசம் நின்னாராம், ஒருக்காக் கூடச் சுட்டதில்லையாம். ஆனா அந்தத் துப்பாக்கிய அவரு எறக்கி வெச்சதே இல்லீங்க, பேச்சுல.

அவருதான் எங்கூட்டுக்காரருகிட்ட ஆரம்பிச்சு வெச்சாரு. "நல்லசிவம், நரிக்கு மருந்து துப்பாக்கிதாண்டா. காத்துத் துப்பாக்கி வாங்கு, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

அங்க புடிச்சுதுங்க சனியன். துப்பாக்கி வாங்கறதுன்னா சும்மா போயி வாங்கிட்டு வந்தா ஆச்சா? ஆகாதாம். குண்டு எத்தனை தண்டின்னு மொதல்ல முடிவு பண்ணோணுமாம், மில்லிமீட்டரு கணக்குல. நாலரையா அஞ்சரையா. இந்த ரெண்டு வார்த்தைய எங்க ஊரு பால் சொசைட்டியில ஒரு பட்டம் பூரா, வெதைச்சதுல இருந்து அறுக்கற வரைக்கும் பேசுனாங்க. பாலை ஊத்திட்டு வர்ற மனுசன் மத்தியானம் வர்றாரு. என்னங்க இத்தனை நேரமுன்னா, "நாலரைதான் வேகமாப் போகும்னு முடிவாயிருச்சு"ங்கறாரு. மறுநா, "அஞ்சரைதான் ஆழமா எறங்கும்னு முடிவாயிருச்சு"ங்கறாரு. அந்தப் பட்டத்துல இன்னொரு ஆடு போயிருச்சு. அதையும் தின்னல, பின்னந்தொடையையும் வாலையும் கடிச்சுக் கொதறிப் போட்டிருந்துச்சு. வெளையாட்டுக்குக் கடிக்கற நரி. பசிக்குக் கடிச்சாலாவது மன்னிக்கலாம்.

ராத்திரி சோறு தின்னுட்டுப் போனைத் தொறப்பாரு. வெளிநாட்டுக்காரங்க படம். வெள்ளைக்காரன் ஒருத்தன் பனியில குப்புறப் படுத்திருப்பான், ஒடம்பெல்லாம் வெள்ளைத் துணி. தூரத்துல நரியாட்டம் ஒண்ணு வரும். நம்ம நரியவிடப் பெருசு. அதுக்குக் கயோட்டின்னு பேராமா. அதைச் சுடறதுக்கு எந்தத் தண்டிக் குண்டு சரின்னு அவன் ஒரு மணி நேரம் பேசுவான். அவங்ககிட்ட நாலரை அஞ்சரைன்னு ரெண்டு இல்லீங்க, எத்தனையோ வகை. இவருக்கு இங்கிலீசு பாதி புரியும், அதைக் கேட்டு எனக்குச் சொல்லுவாரு, எனக்கு அதுல பாதி புரியும். கடைசியில அந்த வெள்ளைக்காரனுக்கும் எனக்கும் நடுவுல நரியே காணாமப் போயிரும். ஒரு நா நான், "ஏனுங்க, நம்ம ஓடையில பனி எங்கீங்க பெய்யுது, வெள்ளைத் துணி எதுக்கு"ன்னு கேட்டுட்டேன். ரெண்டு நா எங்கூட அவரு பேசல.

ஆனா பாருங்க, எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கிச்சு. எனக்குப் புரியற மாதிரி நானே ஒண்ணு புடிச்சுக்கிட்டேன். வளையலுங்க. வளையல் கடையில ரெண்டு நாலா, ரெண்டு ஆறான்னு கேப்பாங்கல்ல? கல்யாணத்தப்ப எனக்கு ரெண்டு நாலு. பாப்பா பொறந்தப்பறம் ரெண்டு ஆறு போட்டாத்தான் ஏறுது. துப்பாக்கிக்கும் அதேதான். ஓட்டை எத்தனை பெருசோ குண்டு அத்தனை பெருசு. சின்ன ஓட்டைக்குப் பெரிய குண்டு ஏறாது, பெரிய ஓட்டையில சின்னது லொட லொடன்னு ஆடும். இவ்வளவுதானுங்க, இதுக்குத்தான் சொசைட்டியில அத்தனை பாலு திரிஞ்சுச்சு.

என்னோட கெடா ஒண்ணை வித்து, அந்தப் பணத்துல வாங்கறதுன்னு முடிவாச்சு. என் ஆட்டைக் காப்பாத்தத்தானே துப்பாக்கி, அப்ப என் ஆடுதானே போகோணும்? சரிதானேன்னு நானும் தலையாட்டுனேன். அப்பறம் சட்டி கழுவையிலதான் தோணுச்சு, நரிக்கும் என் ஆடு, துப்பாக்கிக்கும் என் ஆடான்னு.

கோயமுத்தூருக்கு நானும் போனேன். பாப்பாவத் தூக்கிக்கிட்டு. பெரிய கடை, குளுகுளுன்னு இருந்துச்சு. கடைக்காரரு ரெண்டு துப்பாக்கிய எடுத்துக் கண்ணாடி மேல வெச்சாரு. "எதுக்குங்க யூஸ் பண்ணப் போறீங்க?"ன்னாரு. சொசைட்டியில ஒரு பட்டம் பேசுன மனுசன், வாயைத் தொறக்கல. மூஞ்சி வேர்க்குது. கடைக்காரரு என்னப் பாத்தாரு. நான்தான் பேசவே மாட்டேனே, அன்னைக்கு என்ன வந்துச்சோ, வெடுக்குன்னு சொன்னேன்.

"நரி சுடறதுக்குங்க."

கடையே அப்படியே நின்னு போச்சுங்க்கா. பின்னால கணக்குப் பாத்துட்டிருந்தவரு எந்திரிச்சுட்டாரு. "அம்மா, அம்மா, அந்த வார்த்தையே இங்க சொல்லாதீங்க. நரியத் தொட்டா வனத்துறை புடிச்சு உள்ள வெச்சுரும். இது காலி டின்னை வெச்சுக் குறி பாக்கறதுக்கு. வெளையாட்டுச் சாமான்."

இவரு, "டின்னுக்குத்தானுங்க, டின்னுக்குத்தானுங்க"ன்னாரு.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். கெடுத்ததைச் சரி பண்ணறேன்னுட்டு, "ஆமாங்க, எங்க காட்டுல டின்னுத் தொல்லை ரொம்ப ஜாஸ்தி. ராத்திரியில வந்து ஆட்டைக் கடிக்குது"ன்னேன்.

சிரிங்க, சிரிங்க. அந்தக் கடைக்காரரும் அப்படித்தான் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னையில இருந்து எங்க ஊர்ல நரின்னே யாரும் சொல்றதில்ல. "என்ன மகுடி, நேத்து டின்னு வந்துச்சா?"ன்னுதான் கேப்பாங்க. நாய்க்குப் பேரு வெச்ச மாதிரி நரிக்கும் எங்கூட்டுலயே பேரு வெச்சாச்சு.

நாலரைதான் வாங்கினாரு. கிட்டுசாமி மாமா கடைசி வரைக்கும் அஞ்சரைன்னே நின்னாரு, அதனால நாலரை. குண்டு ஒரு டப்பா குடுத்தாங்க. எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாத்தேன். உருண்டையா இருக்கும்னு நெனச்சேன், இல்லீங்க. நடுவுல இடுப்பு சிறுத்து ரெண்டு பக்கமும் அகண்டு, கோயில்ல பூசாரி அடிப்பாரே உடுக்கை, அதேதான். எறும்புக்கு உடுக்கை செஞ்ச மாதிரி. ஈயம். அத்தனை அழகு. பாப்பா வாயில போட்டுக்குவான்னு பரண் மேல ஏத்தி வெச்சேன், ஆனா அடிக்கடி எறக்கிப் பாத்துக்குவேன்.

அப்பறம் இவரு சுடப் பழகுனாரு. மொதக் குண்டு தண்ணித் தொட்டியில. ரெண்டாவது கிட்டுசாமி மாமா வண்டியோட பின் வெளக்குல. அதுக்கப்பறம் எத்தனையாவதுன்னு நான் எண்ணல, தேங்கா ஒண்ணு உழுந்துச்சு, அதைக் குறி வெச்சுத்தான் அடிச்சேன்னு சொல்லிக்கிட்டாரு.

ஒரு நா பொழுது சாஞ்சு கருக்கல் நேரம். நாங்க ரெண்டு பேரும் மச்சு மேல. ஆடெல்லாம் கத்துது. வேலியோரமா செவச் செவன்னு ஒண்ணு ஓடுது. நான் பாத்தேனுங்க்கா, என் ரெண்டு கண்ணால பாத்தேன். நரியேதான். அவரு வெச்சாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். வாள்னு ஒரு கத்தல்.

எறங்கி ஓடிப் போயிப் பாத்தா ஒண்ணுமில்ல. வேலிக்கு அடியில பூந்து போன தடம் மட்டும் இருக்குது, முள்ளுல நாலு செவப்பு மயிரு.

அன்னைக்கு ராத்திரி மைனரு சோத்துக்கு வரல. நான் நரிய நெனைச்சு சந்தோசப்படறதா, இதை நெனைச்சு அழுகறதா? நரி ஏதாச்சும் பண்ணிருச்சோன்னு கெடந்து துடிக்கறேன். மறுநா பொழுதேற நொண்டிக்கிட்டு வந்து நிக்குது. இந்தக் காலு, இதா. வேலியில நரியத் தொரத்திட்டுப் போயிருக்குது, கிளுவை முள்ளு ஏறிருச்சு. பாருங்க, நாம மச்சு மேல நின்னு வேடிக்கை பாக்கறோம், இது உசுரைக் குடுத்துத் தொரத்துது. துப்பாக்கி வாங்குனவருக்கு ஊர்ல பேரு, நாயிக்கு நொண்டி.

அக்கா, ஏன் அதையே பாக்கறீங்க? நெசமாவே கடிக்காதுங்க.

அதுக்கப்பறம் கொஞ்ச நாளைக்கு நரி வரவே இல்ல. மைனரு படுத்த படுக்கையாக் கெடந்துச்சு, நான் கஞ்சி ஊத்தி, மஞ்சப் பத்துப் போட்டு, ஒரே வைத்தியம். "பாத்தியா, அடிபட்ட நரி, பயந்துருச்சு"ன்னு இவரு சொசைட்டியில மீசைய முறுக்கிக்கிட்டாரு. மைனருக்குக் காலு ஆறுச்சு, எந்திரிச்சு நடமாடுச்சு. சொல்லி வெச்சாப்பல நரியும் வந்துருச்சு. அதுக்கும் அதே சமயத்துல ஆறியிருக்கும் போல.

இந்தத் தடவை ஆட்டாசுபத்திரி டாக்டரைக் கூட்டிட்டு வந்தாரு. அவரு கடியப் பாத்துட்டு, "நரின்னா கழுத்தைப் புடிக்கும், வயித்தைக் கிழிச்சுத் திங்கும். இது பின்னாடி பின்னாடி கடிச்சிருக்குது. நாய் வேலை மாதிரி இருக்குது. ஊர் நாயிங்களைப் பாத்துக்குங்க"ன்னுட்டுப் போனாரு. இவரு உடனே திரும்பி இதைப் பாத்தாரு. "பொழுதோட இதைக் கட்டித்தானே வெக்கற?"ன்னாரு.

அன்னைக்கு மட்டும் எனக்கு வாய் வந்துருச்சுங்க. "என்ன கேட்டீங்க? தயிர்சோத்து நாயிங்க இது! நீங்க மச்சு மேல நின்னு தேங்காயச் சுட்டப்ப நரியத் தொரத்திட்டுப் போயிக் காலைக் குடுத்தது இது. உங்களுக்குச் சுடத் தெரியல, அதுக்கு நாயி மேல பழியா?"ன்னு கேட்டுட்டேன். மனுசன் ஆடிப் போயிட்டாரு. கல்யாணமாகி அத்தனை வார்த்தைய அவரு ஒரே நாள்ல என் வாயிலிருந்து கேட்டதில்ல. அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

கட்டித்தான் வெக்கச் சொல்லுவாரு. நான் கட்டுவேன், அவரு படுத்தப்பறம் அவுத்து உட்டுருவேன். காவலுக்குன்னு இருக்கறது இது ஒண்ணு, இதையும் கட்டிப் போட்டா நரிக்கு நாமளே படலைத் தொறந்து உட்ட மாதிரிதானே?

அப்பத்தான் இவரு எங்கிட்ட வந்து நின்னாரு. "மகுடி, நீயே சொல்லு. பட்டும் நரி சாகல. நாலரை பத்தல போல. என்ன பண்ணலாம்?"

என்னைக் கேட்டாரு பாருங்க! சொசைட்டிய உட்டுப் போட்டு, வெள்ளைக்காரனை உட்டுப் போட்டு, அஞ்சாவது படிச்சவளைக் கேட்டாரு. எனக்குத் தலைக்கு மேல கொம்பு மொளைச்சுருச்சு. "பெருசே எடுங்க. அஞ்சரை. பட்டா அப்படியே உழுகோணும், ஊட்டுக்கு நொண்டிக்கிட்டுப் போகக் கூடாது"ன்னேன். அவரு தலையாட்டுனாரு. நான் சொன்னதுக்கு ஒரு ஆம்பளை தலையாட்டி அப்பத்தான் பாத்தேன்.

அதுக்கும் ஆடுதான் வித்தோம். நரி தின்ன காசு எத்தனை, துப்பாக்கி தின்ன காசு எத்தனைன்னு பாத்தா அப்ப துப்பாக்கிதான் கொஞ்சம் முன்னால போயிட்டிருந்துச்சு. பழசைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, அதனால ரெண்டும் சொவத்துல தொங்குது பாருங்க, காலண்டருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. ராமரு லட்சுமணரு மாதிரி. பெருசு வந்ததுல இருந்து ஒரு குண்டு கூடச் சுடல. இவரு மச்சு மேல இருந்தா நரி வராது. தூங்குனாத்தான் வரும். நம்ம ஊட்டு மனுசராட்டம் நேரங்காலம் தெரிஞ்சு வருது.

போன வாரம் ஒரே ராத்திரியில மூணு.

அதுல ஒண்ணு எங்கம்மா குடுத்தது. கீத்துக் காதோட தாயாடு. பல்லெல்லாம் போயிருச்சு அதுக்கு, ஓட முடியாது. மத்ததெல்லாம் மூலைக்கு ஓடியிருக்குது, இது நின்ன எடத்துலயே நின்னிருக்குது.

நான் அழுகலீங்க. அழுதா இவரு சங்கடப்படுவாரு. சட்டி நெறைய சோறாக்கியும் யாரும் திங்கல. மைனரு கூடத் தின்னல, மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துருச்சு. அதுக்கும் வருத்தம் இருக்குமில்ல.

அன்னைக்கே சொல்லிட்டாரு. "எல்லாத்தையும் வித்துரலாம் புள்ள. நரி இருக்கற வரைக்கும் இந்தக் காட்டுல ஆடு நிக்காது. அதைப் புடிச்சாத்தான் ஆடு. இல்லீன்னா வேண்டாம்." அதுதான் உங்களை வரச் சொன்னது. வண்டி பெரிய வண்டியாத்தான் கொண்டாந்திருக்கீங்க, எல்லாம் ஏறிரும்.

ஒரு வார்த்தை சொல்லுட்டுங்களா? இன்னும் ஒரு வாரம் பொறுத்து வந்தீங்கன்னா... நரி ஆம்புட்டுச்சுன்னா அவரே விக்க மாட்டேன்னுருவாரு. நீங்க வெலைய அடிச்சுக் கேட்டீங்கன்னாக்கூட... இல்ல, இல்ல, உங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிராதீங்க. நான் ஒண்ணும் சொல்லல.

ஆ, எளகிருச்சு. வெரலுக்குத் தட்டுப்படுது. அக்கா, சித்த இந்தத் தலையப் புடிச்சுக்குங்களேன். கழுத்தைக் கட்டிக்குங்க, ஆமா, கொழந்தையப் புடிக்கற மாதிரி. இதென்ன, இங்கயும் ஒரு கிளுவை முள்ளு, இது புதுசா இருக்குது. நேத்துத்தான் எல்லாத்தையும் எடுத்து உட்டேன். சரி, அதை அப்பறம் பாத்துக்கறேன். மைனரு, கண்ணு, சாமி, ஒரே ஒரு நெம்பு. உம்... வருது... வந்துருச்சு. அவ்வளவுதான். அவ்வளவுதாண்டா தங்கம்.

முள்ளு இல்லீங்களே.

கல்லாட்டம் இருக்குது. இருங்க, மஞ்ச ஒட்டிக்கிட்டு இருக்குது, தொடைச்சுப் பாக்கறேன்.

அக்கா.

ஒரு பக்கம் நசுங்கியிருக்குதுங்க. இந்தப் பக்கம் நல்லா இருக்குது. இடுப்பு சிறுத்து... எறும்போட உடுக்கை.

நாலரைங்க இது.

எனக்குத் தெரியாதுங்களா? பரண்ல இருந்து எத்தனை தடவை எறக்கிப் பாத்திருப்பேன். வளையக்காரி கையப் பாத்ததும் சொல்லுவா இல்ல, அந்த மாதிரி. நாலரைதான்.

இது படுத்துக் கெடந்தப்ப நரியும் வரல. இது எந்திரிச்சப்ப...

நான் சொல்லச் சொல்லவே நீங்க கண்டுக்கிட்டீங்கல்ல? அதனாலதான் அதையே பாத்துட்டிருந்தீங்க. நான் ஒருத்தி, டின்னு டின்னுன்னு உங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டு. மூஞ்சியப் பாருங்க அதோட. முள்ளு எடுத்து உட்டேன்னு என் கைய நக்குது.

சித்த இருங்க. யாரு கூப்புடறது? அவருதான். வேலியோரம் நின்னு கத்தறாரு.

"ஏ மகுடீ! தடம் கெடச்சுருச்சு! ஈர மண்ணுல பொளிச்சுன்னு பதிஞ்சு கெடக்குது! அந்த நாயக் கயித்துல கட்டிப் புடிச்சுட்டு வா, காலை வெச்சுப் பாக்கோணும்! வாரப்ப பெருசையும் எடுத்துட்டு வா!"

கேட்டுச்சுங்களா? பெருசாம். நான் சொல்லி வாங்குன பெருசு.

அக்கா, அந்தத் தடம் நரியோடதுன்னா ஆடெல்லாம் இன்னைக்கே உங்க வண்டியில ஏறிரும். நரி இல்லீன்னா ஆடு எனக்கு, கீத்துக் காது அத்தனையும் எனக்கு. நீங்கதான் வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போவீங்க. அப்ப இது...

"மகுடீ! காதுல உழுகுதா இல்லியா?"

வாறேனுங்க! இதா வந்துட்டேன்! அக்கா, நான் இப்பக் கத்துனனா? நான் கத்தி அவரு கேட்டதே இல்லீங்களே. இந்தக் கயித்தைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க, இழுத்துக்கிட்டு வந்துரும், நல்லாச் சுத்திப் புடிங்க. பாப்பா அழுதா தூளிய ஆட்டி உடுங்க. குண்டு என் மடியில இருக்குது, நீங்க பாக்கல. நான் போயி அந்தத் தடத்து மேல ஏறி நின்னுக்கிட்டு, சேலையச் செருகிட்டு, ஏனுங்க, அது நரியேதானுங்க, நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன், அதோட வாலு கூட இத்தனை தண்டி இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லிடறேன்.